நீளத் தொட்டி

எங்கள் கம்பெனியில் அதுவரை செய்ததெல்லாம் தொட்டிதான். தண்ணீர்த் தொட்டி, ஆசிட் தொட்டி, மீன் குஞ்சு வளர்க்கிற தொட்டி. ஃபைபர் கிளாஸில் எது கேட்டாலும் செய்து தருவோம் என்று கேட்டில் போர்டு மாட்டியிருந்தாலும், கேட்டவர்கள் எல்லாருமே தொட்டியைத்தான் கேட்டார்கள். ஆகவே 1991 நவம்பரில் கனடாவிலிருந்து ஒருவர் படகு கேட்டபோது அதை உற்பத்தி நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. 'தொட்டி, நீளம், ஒன்று' என்று எழுதினோம்.

ஆர்டர் கடிதத்தோடு ஒரு படமும் அனுப்பியிருந்தார்கள். ஒரு ஏரி. அதைச் சுற்றிலும் காடு. காடு முழுக்கக் கிறிஸ்துமஸ் மரம். கரையில் ஒரு கூடாரம், பக்கத்தில் அடுப்புப் புகை. ஏரி நடுவில் படகு. முன்னால் மனைவி, பின்னால் புருஷன், ஆளுக்கொரு துடுப்பு. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீடு இருக்கும்போது எதற்காகக் காட்டில் போய்ப் படுக்கிறார்கள் என்று நான் கேட்டேன். மேனேஜர் பகலவன், “அதுக்குத்தான்யா அங்க சம்பாதிக்கிறதே” என்றார்.

பகலவனுக்கு அந்த வருடம் எக்ஸ்போர்ட் பித்துப் பிடித்திருந்தது. டெல்லியில் புதுக் கொள்கை போட்டுவிட்டார்கள், இனி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன்தான் பிழைப்பான் என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார். கனடாக்காரர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மாதிரிப் படகை, அதற்கு முன் படகே ஓட்டாத ஒரு கணவனும் மனைவியும் ஏரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சாப்பாடு, சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு பகல் படகில், ஒரு ராத்திரி கரையில் கூடாரத்தில். பிறகு நாற்பது கேள்விக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும்.

கல்யாணமானவர்கள் பதினோரு பேர் இருந்தோம். பத்து பேருடைய மனைவிமார் ஏரி என்றதும் மறுத்துவிட்டார்கள். பகலவன் என்னிடம் வந்தார். “ஜோயல், நீங்க கிறிஸ்டியன் ஃபேமிலி. டென்ட் கிண்ட் எல்லாம் உங்களுக்குப் பழக்கமா இருக்கும்” என்றார். எங்கள் குடும்பத்தில் கடைசியாகக் கூடாரத்தில் படுத்தவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் பைபிளில்தான் தேட வேண்டும். ஆனால் அவர் அடுத்ததாகச் சொன்னது வேறு: “ரிப்போர்ட் நல்லா வரட்டும். பெர்மனென்ட் லிஸ்ட்ல மொத பேரு உன்னுதுதான்.” நான் மூன்று வருடமாக டெம்ப்ரரி.

எனக்கிருந்த சிக்கல் ஏரி இல்லை. என் மனைவி ஷெர்லின் என்னோடு பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது.

பென்னலூரில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றில் இரண்டு பேர் நான்கு மாதம் பேசாமல் குடித்தனம் நடத்துவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் புத்தகமே எழுதித் தருவேன். சோறு தயார் என்றால் தட்டு கொஞ்சம் சத்தமாக வைக்கப்படும். அரிசி தீர்ந்தால் தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் 'அரிசி' என்று எழுதி என் சட்டைப் பையில் செருகியிருப்பாள். மண்ணெண்ணெய்க்கு 'ம.எ.' மட்டும்தான். அவ்வளவு கோபத்திலும் மையை வீணாக்க மாட்டாள். டிசம்பர் ஒன்பதாம் தேதித் தாளில் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருந்தாள். 'வர திங்கக்கிழமை பத்து மணிக்கு பாபு வண்டி கொண்டு வரான். தையல் மிஷினும் பீரோவும் என்னுது.' பாபு அவள் தம்பி. அந்த வண்டியில் அவளும் ஏறப் போகிறாள் என்பதை எழுதவில்லை. எழுதாமலே எனக்குப் புரியும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கோபத்துக்குக் காரணம் ஆகஸ்ட்டில் நடந்தது. என் மாமனார் காலையில் இறந்துபோனார். ஷெர்லின் ஒரு வாரமாகவே மண்ணூரில் அவர் பக்கத்தில் இருந்தாள். எங்கள் ஆபீஸ் டெலிபோனும் அன்று காலையிலிருந்து செத்துக் கிடந்ததால் எனக்குத் தகவல் வந்தபோது மணி இரண்டரை. வாட்ச்மேன் மாரி உள்ளே வந்து காதோரம் சொன்னார். “ஜோயலு, உங்க மாமனாரு பூட்டாராம்பா. நாலு மணிக்கு அடக்கம். ஒடனே வரச் சொன்னாங்க.”

எங்கள் வேலையில் ஒரு விஷயம் உண்டு. ரெசின் வாளியில், அதை இறுக வைக்கிற ஹார்டனரை ஊற்றிவிட்டால் அப்புறம் இருபது நிமிடம்தான். அதற்குள் பிரஷ்ஷால் மோல்டில் பூசி முடித்தாக வேண்டும். விட்டால் வாளியிலேயே சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும். ரெசினும் போச்சு, பாதியில் நின்ற தொட்டியும் போச்சு. ஹார்டனர் ஊற்றியவன் கக்கூஸுக்குக்கூடப் போக மாட்டான். போகச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் மாட்டார்கள்.

நான் மண்ணூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். கல்லறையிலிருந்து மண்வெட்டியோடு திரும்புகிறவர்கள் எனக்கு எதிரே வந்தார்கள். நெருங்கிய சொந்தம் வந்து முகம் பார்க்கிற வரைக்கும் எங்களில் பெட்டியை மூட மாட்டார்கள். மூடி ஆணி அடித்துவிட்டால் பிறகு யார் வந்தாலும் திறக்க முடியாது. ஷெர்லின் நான்கு தடவை நேரம் கேட்டிருக்கிறாள். “எங்க வூட்டுக்காரரு வந்துகினு இருப்பாரு பாதர், இன்னும் அஞ்சு நிமிஷம்” என்று ஊர் மத்தியில் நின்று கேட்டிருக்கிறாள். வெயிலில் பெட்டியை எவ்வளவு நேரம் திறந்து வைக்க முடியும். ஐந்தாவது தடவை அவள் கேட்கவில்லையாம்.

“ஹார்டனர் ஊத்திட்டேன் அத்தை. வுட்டுட்டு வர முடியல” என்று மாமியாரிடம் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். ஷெர்லினும் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து பேசவில்லை.

நான் ஊற்றியிருக்கவில்லை. மாரி வந்து சொன்னபோது வாளியில் வெறும் ரெசின்தான் இருந்தது. மூடி வைத்துவிட்டு இரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் வெளியே தொட்டி ஏற்ற லாரி நின்றது; பகலவன் கையில் பெர்மனென்ட் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். இருபது நிமிடம்தானே, அடுத்த பஸ்ஸில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். மாரி முதுகைத் திருப்பிய பிறகு ஊற்றினேன். அடுத்த பஸ் வரவேயில்லை. இது எனக்கும் அந்த வாளிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

பகலவன் வீட்டுக்கே வந்து ஷெர்லினிடம் விஷயத்தைச் சொன்னார். கனடா, கூடாரம், நாற்பது கேள்வி, பெர்மனென்ட் எல்லாம் சொன்னார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள். கடைசியில், “சரி சார், வரேன்” என்றாள். நான்கு மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் அவள் குரல் கேட்டது அப்போதுதான். ஏன் ஒப்புக்கொண்டாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்க முடிகிற நிலைமையிலும் நான் இல்லை.

இதற்கிடையில் படகு தயாராகிவிட்டது. பதினாறு அடி. மோல்டிலிருந்து எடுத்து, ஓரமெல்லாம் தேய்த்து, வழக்கம்போலத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, அடியில் நட்டநடுவில் ஒன்றரை இஞ்சுக்கு அவுட்லெட் ஓட்டை போட்டேன். மூன்று வருடமாக எதை முடித்தாலும் நான் செய்கிற கடைசி வேலை அதுதான். கழுவி விடுவதற்குத் தொட்டிக்கு அடியில் ஓட்டை வேண்டும். போட்டு முடித்துத் தூளை ஊதிய பிறகுதான் சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பகலவன் ஓட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கனடாவுக்குப் போகிற தாளில் 'கழுவி விடும் வசதி உண்டு' என்று ஒரு வரி சேர்த்தார். மரை வைத்த பிளாஸ்டிக் மூடி ஒன்றை உள்பக்கமாகத் திருகி இறுக்கினோம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கம்பெனி வேனில் எங்களை மண்ணூர் ஏரியின் இந்தப் பக்கத்துக் கரையில் கொண்டுபோய் இறக்கினார்கள். மழைக்காலம் முடிந்த கையோடு ஏரி நிரம்பித் ததும்பியது. வனத்துறை நட்ட கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. கனடாக்காரர் கேட்ட காட்டு ஏரிக்கு எங்கள் பக்கத்தில் இதுதான் கிட்டத்தட்ட. மே மாதம் எங்கள் பக்கத்தில் குண்டு வெடித்ததிலிருந்து ரோட்டோரமாகப் புதிதாக எது முளைத்தாலும் போலீஸ் வந்து விசாரிக்கும் என்பதால் பகலவன் ஸ்டேஷனில் முன்கூட்டியே லெட்டர் கொடுத்து சீல் வாங்கி வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு கேமராவோடு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பத்து மணிக்கு பாபுவின் வண்டி. இடையில் எனக்கும் ஷெர்லினுக்கும் ஒரு ஏரி.

கூடாரம் அடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. ஒருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் கயிறு கட்ட வேண்டும். 'பிடி' என்று சொல்லாமல் பிடிக்க வைப்பது சிரமம். அவள் ஒரு முனையை மிதித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்; நான் கட்டினேன். முடித்தபோது அது சரிந்த கட்டவுட் மாதிரி நின்றது.

கேள்வித்தாளைப் பகலவன் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். அட்டையில் செருகி, பேனாவை நூலால் கட்டி, ஷெர்லின் கையில் கொடுத்திருந்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். அவள் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினாள். காட்டின் அமைதி எப்படி இருந்தது என்று மூன்றாம் கேள்வி. கரையில் பத்துப் பதினைந்து பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்; எங்கோ ஸ்பீக்கரில் ஐயப்பன் பாட்டு. 'பரவாயில்லை' என்று எழுதினாள். வன விலங்குகள் தென்பட்டனவா? 'எருமை. 18.' கரடி வந்ததா? 'இல்லை.' சாப்பாட்டு மூட்டையை விலங்குகளுக்கு எட்டாமல் மரத்தில் எவ்வளவு உயரத்தில் கட்டினீர்கள்? நான் எழுந்து போய்க் கட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்து 'ஆறடி' என்று எழுதினாள். ஐந்து நிமிடத்தில் காக்கா வந்து கொத்தியது. அதையும் எழுதினாள். அடுத்த கேள்வி: முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் படகில் எளிதாகப் பேசிக்கொள்ள முடிந்ததா? அதைப் படித்துவிட்டு அட்டையை மூடி வைத்தாள்.

மதியத்துக்கு மேல் படகைத் தள்ளினோம். சாப்பாட்டு மூட்டையை மரத்திலிருந்து இறக்கி, சட்டி பானையோடு படகில் வைத்தோம். சாமானோடு ஓட்ட வேண்டும் என்பது விதி. அவள் புடவைக்கு மேல் என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால். எனக்கு அவள் முதுகு தெரிந்தது. அவளுக்கு ஏரி தெரிந்தது.

இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் துடுப்புப் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன். படகு வட்டம் போடும். நான் வலது பக்கம் போட்டால் அவளும் வலது பக்கம் போட்டாள். நான் இடதுக்கு மாறினால் அதே சமயம் அவளும் மாறினாள். துணி துவைத்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். “யோவ், ஆளுக்கொரு பக்கமா தொழாவுங்கயா, இல்லன்னா சுத்திகினே கெடப்பீங்க” என்று ஒருவர் கத்தினார். யாருக்கு எந்தப் பக்கம் என்று நாங்கள் பேசி முடிவு செய்யாததால் அதையும் அவரே இன்னொரு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு அவள் இடது, நான் வலது. படகு நேராகப் போனது. நன்றாகவே போனது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஏரி நடுவுக்கு வந்திருப்போம். துடுப்பிலிருந்து வழிந்த தண்ணீரும் ஏறும்போது புகுந்த தண்ணீரும் சேர்ந்து படகுக்குள் கணுக்கால் அளவு நின்றது. அரிசி மூட்டை நனைந்துகொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் நின்றால் நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். முன்பக்கமாக நகர்ந்து, குனிந்து, அவுட்லெட் மூடியைத் திருகிக் கழற்றினேன்.

மூன்று வருடமாக அந்த மூடியைக் கழற்றினால் தண்ணீர் வெளியேதான் போயிருக்கிறது. இந்தத் தடவை உள்ளே வந்தது. மணிக்கட்டுத் தடிமனுக்குக் குபுகுபுவென்று வந்தது. நான் கையில் மூடியோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த எதுவும் அதில் பொருந்தவில்லை. அதிர்ச்சியில் மூடி கையிலிருந்து நழுவி ஏரிக்குள் விழுந்தது.

சத்தம் கேட்டு ஷெர்லின் திரும்பினாள்.

“இன்னா பண்ற நீ?”

நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் வார்த்தைகள் இவைதான். நியாயமான கேள்வி.

“மூடி எங்க?”

“ஏரில.”

அவள் அப்படியே என் பக்கம் திரும்பி, மண்டியிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை ஓட்டையில் வைத்து அழுத்தினாள். தண்ணீர் நின்றது. “சட்டிய எடு. மொண்டு ஊத்து” என்றாள். மொண்டு ஊற்றினேன். பாதிக்கு மேல் வற்றிய பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் ஆழம் எங்கள் இருவர் உயரத்துக்கும் மேலே. எனக்கு நீச்சல் அரைகுறை. அவளுக்கு அதுவும் இல்லை.

இப்போது அவள் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. அவள் கை ஓட்டையில். நான் மட்டும் துடுப்புப் போட, படகு மெதுவாக நகர்ந்தது.

“ஒண்ணு கேக்கறேன்” என்றாள். “அன்னிக்கு மாரி அண்ணன் வந்து சொன்னப்ப நீ ஹார்டனர் ஊத்திட்டியா, ஊத்தலியா?”

நான்கு மாதமாக அவள் இதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. பலரிடம் சொல்லிச் சொல்லி எனக்கே பழகிப்போன பதில். இப்போதும் அதையே சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஊற்றிவிட்டேன் என்றால் தொழிலின் மேல் பழி போகும். நாளை வரும் வண்டியை ஒருவேளை திருப்பி அனுப்பலாம். ஊற்றவில்லை என்றால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் அவள் கையைப் பார்த்தேன்.

“நெசத்த சொன்னா கைய எடுத்துடுவியா?”

“எடுக்க மாட்டேன். எனக்கு நீச்ச தெரியாது.”

கொஞ்ச தூரம் துடுப்புப் போட்டேன்.

“ஊத்தல” என்றேன்.

அவள் கண் இமைக்கவில்லை. “எப்ப ஊத்துன?”

“மாரி அண்ணன் அந்தாண்ட போனப்பறம்.”

“ஏன்?”

“மேனேஜரு லிஸ்ட்ட வச்சிகினு வந்துகினு இருந்தாரு. வேலைய வுட்டுட்டு ஓடறான்னு பேரு வந்துடுமோன்னு. இருவது நிமிஷம்தானேன்னு நெனச்சேன்.”

அவள் அழுதாள். ஒரு கை ஓட்டையில், ஒரு கை படகு விளிம்பில். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. நான் எழுந்து போய்த் துடைத்தால் படகு கவிழும். துடுப்புப் போட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உட்கார்ந்திருந்ததில்லை.

“நாலு வாட்டி பாதர் கிட்ட டைம் கேட்டேன்” என்றாள்.

“தெரியும்.”

“உனக்குத் தெரியாது. அஞ்சாவது வாட்டி கேக்கப் போனேன். எங்கம்மா கையப் புடிச்சிகினு, வுட்டுடும்மா, அவரு வர மாட்டாருன்னாங்க. உனக்கு எப்பவுமே அவரக் கண்டா ஆவாதுன்னு எங்கம்மாவ கத்திட்டேன். எங்கப்பா பெட்டி பக்கத்துல நின்னுகினு, உனக்கோசரம், எங்கம்மாவ கத்திட்டேன். அவங்க ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல.”

ஊர்க்காரர்கள் யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை. என் மாமியார் ராஜம்மாவும் சொன்னதில்லை. நான் போகும்போதெல்லாம் 'சாப்ட்டீங்களா மாப்ள' என்றுதான் கேட்பார். நான் வலது பக்கம் அழுத்தி நான்கு தடவை துழாவினேன். படகின் மூக்கு திரும்பியது.

“எங்க போற?” என்றாள் ஷெர்லின்.

“அந்தப் பக்கத்துக் கரைக்கு. மண்ணூருக்கு. அத்தை கிட்ட சொல்லணும்.”

“டென்ட்டு இந்தாண்ட கீது.”

“கெடக்கட்டும்.”

“ஃபாரத்துல முப்பது கேள்வி பாக்கி கீது. காலைல அவரு வருவாரு.”

“வரட்டும்.”

அவள் மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டாள். “பெர்மனென்ட்டு?” என்றாள். நான் துடுப்பை மாற்றிப் பிடித்தேன். “நான் எதுக்கு இந்தத் தொட்டில ஏறுனேன்னு நெனச்ச? நான் பூட்டப்பறம் நீ சோத்துக்குத் திண்டாடக் கூடாதுன்னுதான்” என்றாள். துடுப்புப் போட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பகலவன் சொன்னபடி வந்து, ஆள் இல்லாத கூடாரத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார். மீதிக் கேள்விகளுக்கு அவரே பதில் எழுதி அனுப்பினார். கனடாக்காரர் படத்தை மெச்சி எழுதினாராம், ஆர்டர் தரவில்லை. என் பெயர் லிஸ்ட்டில் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை; லிஸ்ட்டிலேயே இல்லை. நான் பெர்மனென்ட் ஆனது இரண்டு வருடம் கழித்து, வேறு கம்பெனியில்.

அன்று மண்ணூர்க் கரை தட்டியதும் ஷெர்லின் கையை எடுத்தாள். உள்ளங்கையில் வட்டமாகச் சிவந்து கன்றியிருந்தது. என் தோளில் கிடந்த துண்டை இழுத்து, சுருட்டி, ஓட்டையில் திணித்தாள். இரண்டு நொடி வேலை. தண்ணீர் சுத்தமாக நின்றுவிட்டது.

“இது முன்னாடியே தோணலியா உனக்கு?” என்றேன்.

“தோணுச்சு” என்று சொல்லிவிட்டுக் கரையேறினாள்.

மாமியார் வீட்டில் ராஜம்மா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பாபு மறுநாள் பீரோவைக் கட்டுவதற்குக் கயிறுகளைச் சிக்கெடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். இடுப்புக்குக் கீழே நனைந்து போய் நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றதைப் பார்த்து, “இன்னாக்கா, இன்னிக்கே வந்துட்ட?” என்றான். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“அத்தை, மாமா எறந்த அன்னிக்கு நான் ஹார்டனர் ஊத்திட்டேன்னு சொன்னேன்ல. அது பொய். தகவல் வந்தப்பறம்தான் ஊத்துனேன். பஸ்ஸப் புடிச்சிருக்கலாம். வேணும்னுதான் நின்னேன்.”

பாபு கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தான். நான் கையைத் தூக்கவில்லை. “வுடு பாபு” என்றாள் ஷெர்லின். அவன் விடவில்லை. “அவரு சொல்லி முடிக்கட்டும், வுடு” என்றாள். விட்டான். சொல்ல வேறு எதுவும் என்னிடம் இல்லை. ராஜம்மா என்னைப் பார்க்கவில்லை. இரண்டு மொச்சையை உரித்துப் போட்டார்.

“அந்தத் தொட்டி நல்லா வந்துச்சா மாப்ள?” என்று கேட்டார்.

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். தன் புருஷனின் முகத்தைப் பார்க்க வராமல் அந்த நேரத்தில் நான் செய்த பொருள் உருப்படியாக வந்ததா என்று கேட்டார்.

“வந்துச்சு அத்தை” என்றேன். அந்த மாதம் போன தொட்டிகளில் திரும்பி வராதது அது ஒன்றுதான்.

“ஒழுகலியே?”

“இல்ல அத்தை.”

“சரி” என்றார்.

அவர் காலடியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆகஸ்ட்டில் அழ வேண்டிய அழுகை. பாபு கீழே கிடந்த கயிற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். ராஜம்மா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு லுங்கியைக் கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார். மாமனாருடையது.

ஷெர்லின் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “அன்னிக்கு உன்ன கத்திட்டேம்மா” என்றாள். “ஆமா, கத்துன” என்றார் ராஜம்மா. அவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தச் சிவந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

பொழுது சாய்வதற்கு முன்னால் ஷெர்லின் எழுந்தாள். “பாபு, நாளைக்கு வண்டி வேணாம்” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத.”

“இல்ல.”

“நாலு மாசத்துது பேச வேண்டியது பாக்கி கீது. நீ சேர்ல உக்காந்து கேக்கணும். எழுந்து போவக் கூடாது. அதுக்குத்தான் வரேன்.”

ஆறு மணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. டிக்கெட் வாங்குவதற்கு முன்பே ஆகஸ்ட்டிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். அடக்கத்தன்று யார் யார் என்ன பேசினார்கள், மூன்றாம் நாள் நான் யார் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன், முப்பதாம் நாள் பூசைக்கு ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு எங்கே இருந்தேன் எல்லாம் வந்தது. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பென்னலூரில் இறங்கும்போது அவள் செப்டம்பர் இரண்டாவது வாரத்துக்குத்தான் வந்திருந்தாள். வீடு வரைக்கும் அவள் நிறுத்தவில்லை.